நீல வண்டிக்குச் சிவப்புச் சட்டை

ஜூன் 3, திங்கள்

மஸ்கட்டில் பதினான்கு வருடம் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனாக இருந்தவன் நான். எந்த வண்டி உள்ளே வந்தாலும் அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டுவிடுவேன். என்ன வேலை, இன்று எவ்வளவு முடிந்தது, வேலை நின்றால் எதனால் நின்றது. "நாச்சிமுத்து தும்மினால்கூட நோட்டில் எழுதுவான்" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். என் பட்டறையில் ஒரு போல்ட் காணாமல் போனதில்லை.

இந்த நோட்டு என் சொந்த வண்டிக்கு.

வண்டி: ஜப்பான்காரன் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, முதுகுக்குப் பின்னால் இஞ்சின். நீல நிறம். 93இல் நாங்கள் ஊர் திரும்பியபோது கப்பலில் கூடவே வந்தது. மஸ்கட் வண்டியாதலால் ஸ்டீயரிங் இடது பக்கம். என் வீட்டுக்காரி கோகிலம் வலது பக்கம் உட்காருவாள். போலீஸ்காரர்கள் இரண்டு முறை அவளை மறித்து லைசென்ஸ் கேட்டிருக்கிறார்கள். "நான் கம்முனு உக்காந்திருக்கறனுங்க, ஓட்டறது அவருங்க" என்று என்னைக் கை காட்டுவாள். முகப்பு விளக்குகள் பகலில் உள்ளே படுத்துக்கொள்ளும். சுவிட்சைத் தட்டினால் எழும். "முழிச்சுக்கிச்சு" என்பாள், ஒவ்வொரு தடவையும்.

வேலை: இந்த நீல உடம்பைக் கழற்றிவிட்டு, இத்தாலிக்காரனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் போலவே வார்த்த ஃபைபர் உடம்பை மாட்டுவது. இஞ்சின், சேஸிஸ், சீட்டு எல்லாம் பழையதே. சட்டை மட்டும் புதிது.

முடிக்க வேண்டிய நாள்: ஆகஸ்ட் 30. எங்கள் கல்யாண நாள். முப்பத்தெட்டு வருடம்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். ஹாலில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. 89இல், மஸ்கட் கடற்கரை ரோட்டில், யாரோ ஒரு அரபிச் சீமானின் சிவப்பு வண்டிப் பக்கத்தில் கோகிலம் நிற்கிறாள். நான்தான் எடுத்தேன். ஏப்ரல் மாதம் முழுக்க அதன் முன்னாலேயே நின்றாள். ஒரு நாள் கேட்டாள்: "ஏனுங்க, நம்ம சிவப்பு வண்டி எங்க? வித்துப்போட்டீங்களா?"

அது நம்முடையது இல்லை என்று சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும். ஒருத்தி முப்பத்தெட்டு வருடத்தில் ஒரே ஒரு பொருளைக் கேட்கிறாள். அது நம்முடையது என்று நினைக்கிறாள். நம்முடையதாக ஆக்கிவிட்டால் போயிற்று. கையில் தொழில் இருக்கிறது.

ஜூன் 5, புதன்

ஜாபர் பாய் பெட்டியோடு வந்தார். உக்கடத்தில் ஃபைபர் வேலை செய்கிறவர். துணிக்கடை வாசலில் நிற்கும் யானை, பார்க்கில் குழந்தைகள் சறுக்கும் ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இவர் கைவேலைதான். கார் உடம்பு செய்கிற ஒரு புனேக்காரரைப் பிடித்து இதை வரவழைத்திருக்கிறார். பதினேழு உருப்படி. எதை எங்கே மாட்டுவது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

போர்டிகோவில் பரப்பி வைத்துப் பார்த்தோம். இடது கதவின் மேல்தோல் வலதைவிட அரை அங்குலம் நீளம்.

"அச்சு எடுத்தவன் போதைல எடுத்திருப்பானாட்ட இருக்குதுங்ணா," என்றார் பாய்.

"யானை செய்யறவரு பேசற பேச்சா இது? அந்தத் துணிக்கடை யானைக்கு ஒரு காது பெருசு."

கோகிலம் வாசலில் நின்று சிரித்தாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஜூன் 6, வியாழன்

நாளை முதல் வண்டி ஸ்டாண்டில் ஏறிவிடும். சாயங்காலம் கடைசியாக ஒரு சுற்று போய் வந்தோம்.

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒரு வருடமாக ஐந்தரை மணி ஆனால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. சேலையை மாற்றிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, "பொழுதாச்சுங்க, வீட்டுக்குப் போலாம்" என்பாள். வீட்டில் இருந்துகொண்டே. நான் வாதம் செய்வதில்லை. நீல வண்டியில் ஏற்றிக்கொள்வேன். வடவள்ளியிலிருந்து மருதமலை அடிவாரம் வரை போய்த் திரும்புவோம். கேட்டுக்கு வந்து விளக்கைத் தட்டுவேன். "முழிச்சுக்கிச்சு" என்பாள். "வீடு வந்தாச்சு" என்பேன். இறங்கி நேராகச் சமையலறைக்குப் போய்விடுவாள். ராத்திரி நன்றாகத் தூங்குவாள்.

டாக்டர் இதற்கு ஏதோ பெயர் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. சிலருக்குச் சாயங்காலம் காபி வேண்டும், இவளுக்கு ஒரு சுற்று வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 10, திங்கள்

முன் பம்பர், பானெட், இரண்டு மட்கார்டு, விளக்குப் பெட்டிகள் கழற்றியாயிற்று. இருபத்தாறு வருட போல்ட், ஒன்றும் துருவில்லை. கப்பலில் ஏற்றும் முன் நான் கிரீஸ் வைத்த அருமை.

சாயங்காலம் கால் டாக்ஸி வரவழைத்தேன். கோகிலம் ஏறவில்லை. "யாரோட வண்டியோ, நமக்கெதுக்குங்க" என்றாள். டிரைவர் பையன் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஏழரை வரை கேட்டில் நின்றாள். அப்புறம் சரியாகிவிட்டது.

இன்னும் எண்பது நாள்தானே.

ஜூன் 14, வெள்ளி

வேலை நின்றது. காரணம்: சாரல். ஃபைபரை ஒட்டுகிற ரெசின் பசை ஈரக் காற்றில் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கிறது.

ஜூன் 22, சனி

தாரணி பெங்களூரிலிருந்து வந்தாள். ஒரே மகள். வாசலில் பையை வைக்குமுன்பே சண்டை.

"அப்பா, வண்டிய ஏன் பிரிச்சீங்க?"

சொன்னேன். போட்டோவைக் காட்டினேன். அவள் போட்டோவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மாவுக்கு எம் பேரே பாதி நாள் வர்றதில்லைங்ப்பா. போன தடவை வந்தப்ப எங்க சித்தி பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஆனா அந்த நீல வண்டியப் பாத்தா மட்டும் தெரியுது. அதுல ஏறி உக்காந்தாத்தான் நீங்க யாருன்னும் தெரியுது. அதப் போயி..."

"நான் யாருன்னு அவளுக்குத் தெரியாமையா முப்பத்தெட்டு வருசம் சோறு போட்டா?"

"இது மறதி நோயிங்ப்பா. டாக்டர் உங்க முன்னாடிதானே சொன்னாரு."

"உங்கம்மா கேட்டது சிவப்பு வண்டி."

"ஏப்ரல்ல கேட்டாங்க. இப்பக் கேக்கறாங்களா?"

கோகிலத்தைக் கொஞ்ச நாள் பெங்களூர் கூட்டிப்போகிறேன் என்றாள். முடியாது என்றேன். இன்னும் நட்டு போல்ட்தான் கழன்றிருக்கிறது, திரும்ப மாட்டிவிடுங்கள் என்று கெஞ்சினாள். ஒரு வேலையை ஆரம்பித்துப் பாதியில் விட்டவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. மகள் சொல்லித்தான் அந்தப் பெயர் வர வேண்டுமா?

அவள் பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 24, திங்கள்

பின் பக்கம் வெட்டினேன்.

முன் பக்கம் போல் அது கழலாது. கூரையோடு ஒட்டிய தகடு. கிரைண்டர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாய் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு மெஷினைக் கையில் எடுக்காமலே நின்றார்.

"ஒருக்கா வெட்டுனா திரும்ப ஒட்டாதுங்ணா. அக்காகிட்ட இன்னொரு வார்த்தை கேட்டுக்கலாமுங்ளா?"

கேட்பதற்கு என்ன இருக்கிறது. நானே வெட்டினேன். தீப்பொறி போர்டிகோ முழுக்கப் பறந்தது. பாதியில் திரும்பிப் பார்த்தேன். கோகிலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சத்தத்துக்குப் பயந்திருப்பாள்.

ஜூன் 25, செவ்வாய்

கழற்றிய தகடெல்லாம் பழைய இரும்புக்காரருக்குப் போட்டாயிற்று. பாய் வேண்டாம் என்றார், கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்றார். பழைய பாகம் பட்டறையில் கிடக்கக்கூடாது. அது என் சட்டம். கண் முன்னால் கிடந்தால் புதியது கொஞ்சம் மல்லுக்கட்டும்போது கை தானாகப் பழையதைத் தேடிப் போகும். மஸ்கட்டில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று சக்கர வண்டியில் பானெட், மட்கார்டு, பின் தகடு எல்லாம் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். தெருமுனை திரும்பும்போது கோகிலம் கேட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஏனுங்க! ஏனுங்க! நம்ம வண்டிய யாரோ எடுத்துட்டுப் போறாங்க, பாருங்க!"

நான் சிரித்தேன். உனக்குப் புதுசு வருதம்மிணி என்றேன். அவள் அந்தத் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

ஜூலை 4, வியாழன்

முன் மூக்கு உட்கார்ந்துவிட்டது. ஃபைபர் தகடு இரும்புத் தகடு போல் சொன்ன பேச்சு கேட்காது. ஒரு மூலையை அழுத்தினால் இன்னொரு மூலை எழும்பும். உள்ளே மரச்சட்டம் வைத்து, கண்ணாடி நார்ப் பாயை ரெசினில் நனைத்து ஒட்டி, இறுகும்வரை கிளாம்ப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஐந்து மில்லி இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி ஓட வேண்டும். நான் அளவுக்கு ஒரு ரீப்பர் மரத் துண்டு இழைத்து வைத்திருக்கிறேன். அது சிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் வேலை சுத்தம். நீளக் கதவை வெட்டி ஒட்ட இரண்டு நாள் ஆயிற்று.

பதினொரு மணிக்குக் கோகிலம் காபி கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் எனக்கு டவரா. வேலைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். அவள் மாமியார் காலத்து வழக்கம், மாற்றச் சொல்லி நானே சண்டை போட்டதுண்டு. இன்று தட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர் இருந்தன. பாய்க்கு ஒன்று, எனக்கு ஒன்று.

டவரா கழுவாமல் கிடந்திருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும் கண்ணாடி டம்ளர். டவரா அலமாரியில் கழுவித்தான் இருக்கிறது.

ஜூலை 17, புதன்

தேய்ப்பு. இறுகிய ஃபைபரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கிற தூள், கரும்புத் தோகைச் சுணை மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள் இறங்கி அரித்துக்கொண்டே இருக்கும். வெந்நீரில் குளித்தால் இன்னும் உள்ளே போகும். பச்சைத் தண்ணீர்தான்.

மஸ்கட்டில் இந்த வேலை நடக்கும் நாட்களில், வீட்டுக்கு வந்ததும் என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டுகிற டேப்பை ஒட்டி ஒட்டி உரிப்பாள் கோகிலம். சுணை எல்லாம் டேப்போடு வந்துவிடும். வலிக்கிறது என்று நான் கத்துவேன். "ஊருக்கே ஃபோர்மேனு, இதுக்கு அழுகை" என்பாள்.

இன்று டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள். எழுந்து அடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்நியர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு பெண் எப்படி மரியாதையாக நகர்வாளோ அப்படி.

அரிப்பு இன்னும் நிற்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

வேலை நின்றது. காரணம் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், சட்டம் சட்டம்தான்.

ஆறு மணிக்கு, பின்சக்கரத்து வளைவில் பேஸ்ட் பூசிக்கொண்டிருந்தேன். இறுகும் முன் முடிக்க வேண்டிய வேலை. நிமிர்ந்து பார்த்தால் கேட் திறந்திருக்கிறது. கோகிலம் இல்லை. நானும் பாயும் அவர் ஸ்கூட்டரில் தேடினோம். தொண்டாமுத்தூர் ரோட்டில், பூக்கடைக்கார அம்மா அவளை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார். போகிற வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் கை காட்டி, நீல வண்டியைப் பார்த்தீர்களா என்று கேட்டாளாம். வலது கால் செருப்பு இல்லை. பெருவிரலில் ரத்தம்.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நான் கையைப் பிடித்தேன். பூக்கடைக்கார அம்மாவிடம் திரும்பி மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி கேட்டாள்:

"இவங்க யாருங்க? நம்பிப் போலாமுங்ளா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் முகக்கவசமும் ரெசின் படிந்த உடுப்புமாக நின்றேன். யாருக்குத்தான் அடையாளம் தெரியும்?

கவசத்தைக் கழற்றினேன். அப்புறமும் அவள் அந்த அம்மாவின் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள்.

கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. நோம்பிக்கு வேலை இல்லை. தாரணி போன் செய்தாள். அம்மா எப்படி என்றாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். கேட்டைப் பற்றிச் சொல்லவில்லை. "வண்டி?" என்றாள். அடுத்த வாரம் வெயிலில் வைக்கப் போகிறோம் என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்' அவள் அம்மாவுடையது.

ஆகஸ்ட் 22, வியாழன்

முழு உடம்பும் 12ஆம் தேதியே சேர்ந்துவிட்டது. அப்புறம் பத்து நாள் வெயிலில் காய வேண்டும். ஃபைபர் உள்ளுக்குள் சுருங்கி அடங்குகிற காலம் அது. அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்தால் ஒரு மாதத்தில் உள்ளே இருக்கிற நார் முழுக்க மேலே கோடு கோடாகத் தெரியும். வேலை தெரிந்தவன் காத்திருப்பான்.

காத்திருந்தேன். கையில் வேலை இல்லாத பத்து நாள் நல்லதல்ல. வேலை இருந்தால் எதையும் பார்க்காமல் இருக்கலாம். இந்தப் பத்து நாளும் நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பருப்பில் இரண்டு முறை உப்புப் போடுகிறாள், அது பரவாயில்லை. அந்தப் போட்டோவைக் கடந்து போகும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்று நானே அவளை அதன் முன் நிறுத்தி, "இந்த வண்டி யாரோடது?" என்றேன்.

"யாரோ அரபிக்காரரோடதுங்க," என்றாள்.

சரியான பதில். ஏப்ரலில் இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் என்ன, கோகிலம்?

ஆகஸ்ட் 24, சனி

சிவப்பு அடித்தாயிற்று. ஆறு பூச்சு. பாய் ஒரு சுற்று சுற்றி வந்து, "துணிக்கடை யானைக்கு ரெண்டு காதும் ஒரே அளவா இருந்தா எப்படி இருக்கும், அப்படி இருக்குதுங்ணா" என்றார். ரீப்பர் துண்டு எல்லா இடைவெளியிலும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஐம்பது வருடத்தில் நான் செய்த வேலைகளில் இதுதான் சிறந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தாரணி காலையிலேயே வந்துவிட்டாள். சண்டை போடவில்லை. அம்மாவுக்குத் தலைவாரி, பூ வைத்து, அரக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டாள். நான் வெள்ளைச் சட்டை, வேட்டி. பாய் குடும்பத்தோடு வந்திருந்தார்.

ஐந்தரை மணிக்கு வண்டியைப் போர்டிகோவிலிருந்து எடுத்து வாசலில் நிறுத்தினேன். சாயங்கால வெயிலில் அது நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே. எதிர்வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து கை தட்டினார்கள்.

கோகிலம் கைப்பையோடு படியிறங்கி வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பானெட்டை ஒரு விரலால் தொட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க," என்றாள். "யாரோடதுங்க?"

"நம்முளது, கோகிலம். உனக்குத்தான். ஏறு." வலது பக்கக் கதவைத் திறந்து பிடித்தேன்.

ஒரு அடி பின்னால் போனாள். "இல்லீங்க. அடுத்தவங்க வண்டில நான் ஏற மாட்டனுங்க. எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துருவாரு. நீல வண்டில."

"அம்மா, அப்பாதான்மா இது," என்றாள் தாரணி.

கோகிலம் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது தவறாக உறவு சொன்னால் சங்கடத்தோடு சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. சிரித்துவிட்டு, என்னைத் தாண்டிப் போய்க் கேட்டருகே ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாள்.

நான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினேன். புது உடம்பில் விளக்குகள் கண்ணாடிக்குள் அசையாமல் இருக்கின்றன. எரிந்தன. எதுவும் எழவில்லை.

பாய் முதலில் குடும்பத்தை அனுப்பிவிட்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் போனார்.

ஆகஸ்ட் 31, சனி

நான்தான் செய்தேன். என் கையால் கோடு பார்த்து, என் கையால் வெட்டி, என் கையால் ஏற்றி அனுப்பினேன். தாரணி சொன்னாள், பாய் சொன்னார். அவளே கேட்டில் நின்று கூவினாள்.

செப்டம்பர் 2, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. பழைய இரும்புக்காரரைத் தேடிப் பிடித்தேன். குறிச்சியில் ஒரு கிடங்கில் போட்டதாகச் சொன்னார். அங்கே போனேன். கிடங்குக்காரர் பூஜையில் இருந்தவர் பாதியில் எழுந்து வந்தார்.

"ஜூன்ல வந்த தகடா? அதெல்லாம் அப்பவே அமுக்கி உலைக்குப் போயிருச்சுங்க. இந்நேரம் எங்கயாவது மோட்டார் பம்பா ஓடிட்டு இருக்கும்."

அதே வண்டி வேறெங்காவது இந்தியாவில் இருக்கிறதா என்று பாய் நாலு பக்கமும் போன் போட்டுவிட்டார். இல்லை. கப்பலில் கூடவே வந்தது ஒன்றுதான்.

வீட்டுக்குத் திரும்பினால் தாரணி சொன்னாள்: "உங்களைத் திட்டணும்னுதான் நினைச்சேன். முடியலைங்ப்பா." அவள் தோளில் தலையை வைத்து அழுதேன். எத்தனை நேரம் என்று நோட்டில் எழுத முடியாது.

செப்டம்பர் 9, திங்கள்

பாயின் யோசனைப்படி சிவப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு நீலம் அடித்தோம். நிறத்தின் எண் இஞ்சின் பக்கத் தகட்டில் இன்னும் இருந்தது. அச்சாக அதே நீலம். தேய்த்த இடத்தில் பூசிய பேஸ்ட் காய்வதற்குக் காத்திருக்கவில்லை. ஒரு மாதத்தில் கோடு தெரியும். தெரியட்டும்.

சாயங்காலம் கூட்டி வந்து காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கலரு அதேதானுங்க," என்றாள். அப்புறம் என் உடுப்பையும் கையில் ஒட்டியிருந்த நீலத்தையும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா இது அது இல்லீங்க. பாவம், நீங்க ரொம்பச் சிரமப்பட்டிருக்கீங்க."

செப்டம்பர் 11, புதன்

தாரணி நாளைக்கு அம்மாவையும் என்னையும் பெங்களூர் கூட்டிப் போகிறாள். நான் சரி என்றுவிட்டேன். அங்கே ஒரு டாக்டர் அம்மா இருக்கிறாராம். இங்கே டாக்டர் இவள் நோய்க்குச் சொன்ன பெயரை இன்று எழுதிப் பார்த்தேன். எழுத்துக்கூட்டி எழுத ஒரு வரி ஆயிற்று.

ஐந்தரைக்கு வண்டிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். கோகிலம் கைப்பையோடு கேட்டுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவளைக் கடந்தபோது கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, எங்க வண்டி உங்க பட்டறைலதான் நிக்குதுங்ளா?"

கட்டிய நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்றே சொல்லி வந்தவன் நான்.

"ஆமாங்க," என்றேன். "நீங்க கவலைப்படாதீங்க. கொஞ்சம் வேலை பாக்கி இருக்குதுங்க."

"அவரு பக்கத்துல நின்னு உங்கள உசுர எடுக்கறாரா? எல்லாத்துலயும் குத்தம் கண்டுபுடிப்பாரு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. வாய்தானுங்க பெருசு. உள்ள பயந்த மனுசன்."

"அப்படிங்களா?"

"மஸ்கட்ல எனக்கு ஒருக்கா விஷக்காய்ச்சல். மூணு நாள் கட்டில விட்டு நகரலீங்க அவரு. ஏனுங்க வேலைக்குப் போகலியான்னு கேட்டா, ஒர்க்‌ஷாப்புல கரண்ட் இல்ல, லீவு உட்டுட்டாங்கன்னு பொய் சொன்னாரு. பக்கத்து வீட்டுக்காரரு தினம் அங்கதான் வேலைக்குப் போயிட்டு இருந்தாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டாரு." சிரித்தாள். "நான் இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்லீங்க. கேட்டா வெக்கப்படுவாரு."

85ஆம் வருடம் அது. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

கருவிப்பெட்டியைக் கீழே வைத்தேன்.

"பொழுதாயிருச்சுங்க," என்றேன். "நான் வேணா உங்கள வீட்ல கொண்டுபோயி விட்டுரட்டுங்ளா?"

"வேண்டாமுங்க. அவரு வந்து பாக்கறப்ப நான் இங்க இல்லீன்னா தவிச்சுப் போயிருவாரு."

"ஆமாங்க. தவிச்சுத்தான் போவாருங்க."

அவள் கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டு படியில் இடம் விட்டாள். "உக்காருங்க, எத்தன நேரம் நிப்பீங்க."

உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு மணி வரை இருந்தோம். அவர் வரவில்லை.